மீன் கூடையும் ரயில் வண்டியும்

(பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று இங்கு நம்மை அழைத்த வாலிபத் தோழர்கள், ஜப்பான் தேசத்தாருடைய நகர வாழ்க்கையைப் பற்றியும், அவர்கள் ரயிலில் போய்வருகின்ற மாதிரியைப் பற்றியும் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள். நாம் ஜப்பானுக்குப் போய் வந்தவர்களல்ல. போய் வந்த தோழர்கள் சொல்லக் கேட்டதும், புத்தகங்களில் படித்ததுமே நமக்குத் தெரிந்தவை. ஆனதினால் ஜப்பானை மாத்திரம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "அங்கே தெரு கண்ணாடி மாதிரி இருக்கின்றது, வண்டி நிமிஷம் தவறாமல் வருகின்றது" என்று வாயைப் பிளந்துகொண்டு சொல்லிவிட்டுப் போக நமக்கு இஷ்டமில்லை. இன்று காலை சென்னையில் ரயில் ஏறியதிலிருந்து இந்த மணலில் வந்து உட்காருகின்றவரை நாம் நம் கண்ணால் பார்த்ததைச் சொல்லி, அதன் பக்கத்தில் ஜப்பான் சங்கதியையும் வைக்கின்றோம். எது சரி, எது தப்பு என்பதை நீங்களே உங்கள் புத்தியைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

முதலாவது, ரயில் சங்கதி. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம். ராயபுரத்தில் வண்டி நின்றது. அந்த ராயபுரத்திலிருந்துதான் 1856-ம் வருஷம் ஜூலை மாதம் தென்னாட்டின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஜப்பானில் முதல் ரயில் ஓடினது 1872-ல். டோக்கியோவில் சிம்பாஷி என்கின்ற இடத்திலிருந்து யோக்கஹாமாவுக்கு. அதாவது ஜப்பான்காரன் ரயில் என்பதைத் தன் மண்ணில் பார்ப்பதற்கு 16 வருஷத்துக்கு முந்தியே நாம் அதில் ஏறிவிட்டோம். நமக்கும் வெள்ளைக்கார இஞ்சினீயர்தான் போட்டுக் கொடுத்தார்; ஜப்பானுக்கும் இங்கிலீஷ் இஞ்சினீயர்தான் முதலில் போட்டுக் கொடுத்தார். ஆனால் 1880-ல் கியோட்டோவிலிருந்து ஓட்ஸு என்கின்ற ஊருக்கு மலையைக் குடைந்து ரயில் போட்டபோது ஜப்பான்காரர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டே போட்டுக்கொண்டார்கள். நாம் அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம்? ரயிலில் பறையன் பக்கத்தில் உட்கார்ந்து போனால் தீட்டா, இல்லையா, இறங்கினவுடன் ஸ்நானம் செய்தால் போதுமா, பிராயச்சித்தம் வேண்டுமா என்று சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சீக்கிரம் போகலாம் என்கின்ற சௌகரியத்துக்காக, ரயிலில் தீட்டு இல்லை என்று வைதிகர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சௌகரியமிருந்தால் சாஸ்திரம் எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வண்டியில் போன தீட்டு ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையில் மாத்திரம் விடாமல் உட்கார்ந்துகொண்டது. ஒரே கட்டணம் கொடுத்து ஒரே வண்டியில் வந்தவர்களில் பார்ப்பனருக்கு ஒரு தனி இடம், மற்றவர்களுக்கு ஒரு இடம் என்று ரயில்வே உணவு விடுதிகளில் இருந்தது. அதை எதிர்த்துச் சுயமரியாதைக்காரர்கள் வெகு காலம் எழுதியும், பேசியும், கிளர்ச்சி செய்தும் வந்த பிறகு, 1941-ல் தான் அந்தப் பேதம் எடுபட்டது. எந்த மகானும் தவமிருந்து அதை எடுக்கவில்லை. கேட்டார்கள், கிடைத்தது. அவ்வளவுதான்.

நிற்க, இன்று காலை சமாசாரத்துக்கு வருகின்றோம். ராயபுரத்தில் சில தாய்மார்கள் ஏறினார்கள். காசிமேட்டில் விடியற்காலம் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, மேலே சாக்குப் போட்டு மூடிக்கொண்டு, மீஞ்சூர் பொன்னேரிப் பக்கம் தெருத்தெருவாய் விற்கப் போகின்றவர்கள். வியாபாரிகள் பெட்டியில் கூட்டம் நெரிந்ததால் அவர்களில் ஒரு அம்மாள் நாமிருந்த பெட்டியில் வாசல் ஓரமாகக் கூடையை வைத்துக்கொண்டு குந்தினார். உட்கார இடமிருந்தது, அவர் உட்காரவில்லை. "உட்காருங்கள் அம்மா" என்றோம். "வேணாம் சாமி, எதுக்கு வம்பு?" என்றார். எதிரில் நன்றாக உடுத்தியிருந்த ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதுடன், இந்த அம்மாளைப் பார்த்து, தெரியும்படியாக வைத்துக்கொண்டார்.

வண்டி திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டுக்கு வந்தது. அங்கே அனல் மின்சார நிலையத்துப் புகை. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் போய் இறங்கி, இறாலும் மீனும் கெட்டு, அந்தப் பக்கத்து மீனவர்கள் எத்தனையோ வருஷமாய் முறையிடுகின்றார்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் அந்தக் கழிமுகம் முழுவதும் படிந்து, வலையும் படகும் கறுத்துப்போனதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்த இடத்தில் வண்டி நின்றபோது நம் எதிரில் இருந்த கனவான் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு முந்தி கடலிலிருந்து வந்த மீன் அவருக்கு நாற்றம். அத்திப்பட்டுச் சாம்பல் அவருக்கு வாசனை. தோழர்களே! மூக்குக்குத் தானாக இந்த வித்தியாசம் தெரியாது. நாற்றம் என்று அவர் சொன்னது மீனையல்ல, அதைச் சுமந்தவளின் பிறப்பை என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் நமக்குத் தோன்றவில்லை. அதே கனவான் மத்தியானம் ஓட்டலில் வஞ்சிர வறுவலுக்கு எவ்வளவு கொடுப்பார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இது ஒரு ஆளின் குணம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப பஸ்ஸில் ஏறிய வயதான தாயார் ஒருவரை நாற்றமடிக்கின்றது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதை எவரோ படம் பிடித்ததால் ஊர் முழுவதும் தெரிந்து, சம்பந்தப்பட்ட சிப்பந்திகள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று சர்க்கார் விட்ட பஸ் அது. கட்டணமில்லை என்பது சட்டம். ஆனால் ஏற்றிக்கொள்ளுவதா இல்லையா என்பது மனுவின் இலாகாவில் இருந்தது.

இப்போது ஜப்பானைப் பாருங்கள். அங்கே இசே என்கின்ற வளைகுடாக் கரையில் உங்களைப்போலவே மீன்பிடித்து ஜீவிக்கின்ற குப்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒசாகா என்கின்ற பெரிய பட்டணத்துக்கு, மலைகளைத் தாண்டி, தினந்தோறும் மீன் சுமந்து ரயிலில் போகின்ற சில்லறை வியாபாரிகள் உண்டு. அவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். முதலில் சாதாரண வண்டியிலேயே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் அதிகமாக ரயிலில் போக ஆரம்பித்தபோது அங்கேயும் நாற்றம் என்றும், ஈரம் என்றும் புகார் வந்தது. ஜப்பான்காரனுக்கும் மூக்கு உண்டு அல்லவா? அதற்கு அந்த ரயில் கம்பெனி செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? மீன்காரர்களை இறக்கிவிடவில்லை. மீன் வியாபாரிகள் சங்கத்தோடு பேசி, 1963-ல் அவர்களுக்கென்றே ஒரு தனி ரயிலை விட்டார்கள். அதற்குப் பெயரே 'புதுமீன் ரயில்'. காலையில் இசேப் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஒசாகாவுக்குப் போகும். சாயங்காலம் காலிப் பெட்டிகளோடு வியாபாரிகளைத் திரும்பக் கொண்டுவந்து விடும். 2020 மார்ச்சு மாதம் வரையில், 56 வருஷத்துக்கு மேல் அந்த ரயில் ஓடிற்று. வியாபாரிகள் வயதாகிக் குறைந்துபோனதால் தனி ரயிலை நிறுத்தினார்கள். நிறுத்தின பிறகும், மீதியிருந்த கொஞ்சம் பேருக்காகச் சாதாரண ரயிலில் ஒரு வண்டியை மீன் வண்டியாகக் கோத்து, அதன் வெளிப்பக்கம் முழுவதும் அந்தக் கரையில் கிடைக்கும் மீன்களின் படங்களை எழுதி ஓட்டினார்கள்.

இந்த ஏற்பாட்டில் தர்மமும் இல்லை, புண்ணியமும் இல்லை. பட்டணத்தானுக்கு மீன் வேண்டும், மீன்காரனுக்கு ரயில் வேண்டும், கம்பெனிக்குக் கட்டணம் வேண்டும், மற்றப் பிரயாணிகளுக்கு நாற்றம் வேண்டாம். இதற்கு என்ன வழி என்று நாலுபேர் உட்கார்ந்து யோசித்ததின் பலன். நம் கும்மிடிப்பூண்டி வண்டியில் வியாபாரிகள் பெட்டி என்று ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. அதில் பால்காரரும், கறிகாய்க்காரரும், ஏற இடமில்லாமல் வந்த மற்றவர்களும் நிறைந்துவிடுகின்றார்கள். காலை வண்டி இரண்டுக்கு இன்னும் ஒரு பெட்டி கேட்பது பெரிய காரியமல்ல. காசிமேட்டுத் தாய்மார்களும் பழவேற்காட்டுத் தாய்மார்களும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாமே கொண்டுபோய்க் கொடுக்கத் தயார்.

இதைக் கேட்டுவிட்டு, ஜப்பான்காரரெல்லாம் ஜாதி மூடத்தனம் இல்லாத புத்திசாலிகள் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கேயும் ஒரு தீண்டாமை இருந்தது. மாடு உரிப்பவர், தோல் பதனிடுபவர், பிணம் சம்பந்தமான வேலை செய்பவர் ஆகியவர்களை 'எட்டா' என்று சொல்லி ஊருக்கு வெளியில் வைத்திருந்தார்கள். 1871-ல் அரசாங்க உத்திரவால் அந்தப் பெயரை ஒழித்தார்கள். பெயர் போயிற்று, இழிவு போகவில்லை. ஆகவே அந்த மக்கள் 1922 மார்ச்சு 3-ந் தேதி கியோட்டோ நகரத்தில் கூடி, 'சுயிஹெய்ஷா' அதாவது சமமாக்குவோர் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். நம் நாட்டில் 'குடி அரசு' பத்திரிகை 1925 மே மாதத்தில் பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தி, நம்மை அறியாமல், நாமும் அவர்களை அறியாமல், கடலுக்கு அப்பால் இதே சுயமரியாதைப் பேச்சை அவர்கள் பேசினார்கள். அதற்கப்புறம் 50 வருஷம் கழித்து, 1975-ல், எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு பழைய 'எட்டா'க்களுடையது என்று ஜாபிதா போட்ட ஒரு புஸ்தகம் இரகசியமாய் அச்சாகி, பெரிய பெரிய கம்பெனிகள் அதை விலைகொடுத்து வாங்கி, வேலைக்கு மனுப் போட்டவர்களின் ஊரைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது வெளியாயிற்று. ஜாதி பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளவும் தெரிந்தது.

மூடநம்பிக்கையிலும் அவர்கள் நமக்கு இளைத்தவர்களல்ல. நம்மிடம் செவ்வாய் தோஷம், மூல நட்சத்திரம் இருப்பதுபோல அவர்களுக்கு 'நெருப்புக் குதிரை வருஷம்' என்று 60 வருஷத்துக்கு ஒருமுறை வருகின்றது. அந்த வருஷத்தில் பிறந்த பெண் புருஷனைத் தின்றுவிடுவாளாம். 1964-ல் உலகத்திலேயே வேகமான ரயிலை விட்ட அந்த ஜனங்கள், இரண்டே வருஷம் கழித்து 1966-ல் இந்த நெருப்புக் குதிரைக்குப் பயந்து பிள்ளை பெறாமல் இருந்துகொண்டார்கள். 1965-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த தேசத்தில் 1966-ல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம். அடுத்த வருஷமே 19 லட்சத்துக்கு மேல். நாலரை லட்சம் குழந்தைகளைப் பஞ்சாங்கம் தடுத்தது. பெண்ணைத்தான் தின்னுகின்றவள் என்றார்களே ஒழிய, அந்த வருஷத்தில் பிறந்த ஆண் எவனையும் ஒன்றும் சொல்லவில்லை. நம் பஞ்சாங்கமும் அவர்கள் பஞ்சாங்கமும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி.

ஆகவே, இயந்திரம் ஓட்டத் தெரிந்தவனெல்லாம் பகுத்தறிவுக்காரன் என்று நினைப்பது தவறு. அதற்கு நீங்கள் ஜப்பான் போகவேண்டியதில்லை. இந்த மணலில் நின்று வடக்கே பார்த்தாலே போதும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்க்கின்றீர்கள். அந்த நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது என்கின்ற உத்திரவையும் நீங்கள்தான் தாங்குகின்றீர்கள். அந்தத் தீவில் ஏவுதளம் வருவதற்காகக் குடிபெயர்க்கப்பட்ட மீன்பிடிப்போர் இந்த ஏரிக்கரையிலேயே வந்து குடியேறியிருக்கின்றார்கள். சந்திரனுக்கு வழி கணக்குப் போடுகின்ற விஞ்ஞானிகள், அந்த ராக்கெட்டைப்போல ஒரு சிறு பொம்மை செய்து, திருப்பதிக்கு எடுத்துக்கொண்டுபோய் வெங்கடாசலபதியின் காலடியில் வைத்துவிட்டு வருகின்றார்கள். 2023 ஜூலையில் சந்திரயான் போனபோதும் போய் வந்தார்கள். சாமி அனுப்புகின்றவரானால் கணக்கு எதற்கு? கணக்கு அனுப்புமானால் பொம்மை எதற்கு? இதைக் கேட்டால் அது சொந்த நம்பிக்கை என்கின்றார்கள். சொந்த நம்பிக்கைக்குச் சர்க்கார் ராக்கெட்டின் பொம்மை எதற்காக?

பொன்னேரியில் இறங்கி பஸ்ஸில் பழவேற்காட்டுக்கு வந்ததும் தோழர்கள் முதலில் டச்சுக்காரர் கல்லறைக்கு அழைத்துப்போனார்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கின்றன. உள்ளே கல்லில் அழகான எழுத்து. சர்க்கார் பாதுகாப்பில் இருக்கின்றது. வந்தவர்கள் எல்லோரும் சிற்பத்தைப் புகழ்ந்தார்கள். நமக்கு வேறு நினைவு வந்தது. அந்த டச்சுக் கம்பெனி 1613-ல் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு, துணியும் வெடிமருந்தும் மாத்திரமல்லாமல், இந்தக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பசியால் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பிற்று. அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் கிடையாது.

இன்னொரு சங்கதி. இதே டச்சுக் கம்பெனி ஜப்பானுக்கும் போயிற்று. ஜப்பான்காரர்கள் அவர்களை நாட்டுக்குள் விடாமல் நாகசாகித் துறைமுகத்தில் ஒரு சிறு தீவில் அடைத்து வைத்து வியாபாரம் செய்தார்கள். அடைத்து வைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை; அவர்களிடமிருந்த புஸ்தகங்களை வாங்கிப் படித்தார்கள். 1771-ல் டோக்கியோவில், அப்போது அதற்கு எடோ என்று பெயர், தூக்குமேடைக் களத்தில் ஒரு பிரேதத்தை அறுத்தபோது சுகிட்டா கென்பாக்கு என்கின்ற வைத்தியரும் அவருடைய சிநேகிதர்களும் டச்சுப் புஸ்தகத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டச்சுப் படம் சரியாக இருந்தது. தாங்கள் தலைமுறை தலைமுறையாய்ப் படித்த பழைய வைத்திய சாஸ்திரம் தப்பாக இருந்தது. உடனே அந்தப் புஸ்தகத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்து 1774-ல் வெளியிட்டார்கள். அன்று அந்தப் பிரேதத்தை அறுத்து, இது ஈரல், இது இருதயம் என்று எடுத்துக் காட்டினது யார் தெரியுமா? 90 வயதான ஒரு 'எட்டா'க் கிழவர். தீண்டத்தகாதவருக்கு மனித உடம்புக்குள் என்ன இருக்கின்றது என்பது முன்பே தெரிந்திருந்தது. அவரைக் கேட்கவேண்டும் என்று அதுவரை எந்த வைத்தியருக்கும் தோன்றவில்லை.

நம் ஊரில் அதே டச்சுக்காரர்கள் சுமார் 200 வருஷம் இருந்தார்கள். 1825-ல் இங்கிலீஷ்காரருக்கு விட்டுக்கொடுத்துப் போனார்கள். நம் பண்டிதர்களும் பட்டர்களும் அவர்களிடம் ஒரு புஸ்தகத்தையாவது வாங்கிப் பிரித்துப் பார்த்தார்களா? மிலேச்சன் தொட்ட புஸ்தகம் தீட்டு. பிணத்தைத் தொட்டால் அதைவிடத் தீட்டு. 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன குப்தா என்பவர் வைத்தியக் கல்லூரியில் பிரேதத்தை அறுத்தபோது அது நாடே பேசின பெரிய துணிச்சலாயிருந்தது. பழவேற்காட்டுக்கு மிஞ்சினது கல்லறைதான்.

பள்ளிவாசல் தெருப் பக்கம் முஸ்லீம் சகோதரிகள் பனையோலையில் கூடை முடைவதையும் பார்த்தோம். வெகு நேர்த்தி. அதைப்பற்றி நேரமிருந்தால் வேறு நாளில் பேசுவோம். பாலத்தைத் தாண்டி இங்கே வந்து, மத்தியானம் உங்கள் ஊர்ப் பெரியவர்களோடும் ஏரிக்கரைக் குப்பங்களின் தாய்மார்களோடும் பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்டதுதான் இன்று நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது.

'பாடு' என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்தப் பேச்சு பத்திரிகையில் வரப்போவதால் வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்லுகின்றோம். இறால் கடலில் பொரிந்து, குஞ்சாக முகத்துவாரத்தின் வழியாய் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றது. அது திரும்புகின்ற ஓட்டத்தில் வலை கட்டினவனுக்கு நல்ல வரும்படி; ஒதுக்குப்புறத்தில் கட்டினவனுக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் ஓட்டத்திலேயே கட்டப் போனால் தினம் மண்டை உடையும். ஆகையால் ஏரியைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டு எடுத்து, இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டினவர் நாளைக்கு வேறு இடம் என்று முறை வைத்துக்கொண்டிருக்கின்றார்கள். பணக்காரன் நல்ல இடத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள முடியாது. இது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. படிக்காதவர்கள் என்று பட்டணத்தார் சொல்லுகின்ற மீனவக் குடிகள் தாங்களே யோசித்து ஏற்படுத்திக்கொண்ட பொதுவுடைமை ஏற்பாடு. ருஷியாவுக்கு முந்தியது என்றுகூடச் சொல்லலாம். மனதாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் சீட்டு எடுக்கின்ற கூட்டத்தில் உட்காருவதற்கு யோக்கியதை உள்ளவர் யார்? தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் யார்? அந்த ஜாதியில் பிறந்த, கலியாணமான, ஆண்பிள்ளை. பரம்பரையாய்ப் பாட்டு உரிமையுள்ள சில ஊர்கள். மற்ற ஊரார் பங்கு கேட்டபோதெல்லாம் தகராறு, போலீசு, கோர்ட்டு. ஆதிதிராவிடத் தோழர்கள் ஏரியில் இறங்கினால் முறைத்துப் பார்க்கின்றார்கள். இருளர்கள், வலைகூட இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கின்றவர்கள், எந்தக் கணக்கிலும் சேர்ந்தவர்களல்ல. காலையில் ரயிலில் உங்கள் தாயைப் பார்த்து மூக்கைப் பொத்தினவனைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கோபத்தோடு தலையாட்டினீர்கள். இருளனைப் பார்த்து நீங்கள் செய்வது என்ன? அதற்கும் நாம் இதே மேடையில் நின்றுதான் கோபப்படவேண்டியிருக்கின்றது. வருத்தப்படாதீர்கள்.

அடுத்தது பெண்கள். ஒரு ஊரின் பெயர் வேண்டாம், ஒரு தாயார் நம்மிடம் சொன்னது: "அவரு இருந்தவரைக்கும் பாடு இருந்துச்சு. அவரு போன அப்பால சின்னப் பையன் பெரியவனாவட்டும்னு சொல்லிட்டாங்க. பையனுக்கு இப்பத்தான் ஏழு வயசு. அதுவரைக்கும் நாங்க என்னாத்த தின்றது?" ஏலத்தில் மீன் எடுப்பவள் அவள், கடனுக்கு வட்டி கட்டுபவள் அவள், கருவாடு காயவைப்பவள் அவள், பழைய வலையை வெயிலில் உட்கார்ந்து பிரிப்பவளும் அவள். ஏரியில் பங்கு மாத்திரம் ஏழு வயது மகன் மீசை முளைக்கிறவரை காத்திருக்கவேண்டும்.

தோழர்களே! பழவேற்காடும் பொன்னேரியும் வெகு காலம் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தவை. அந்தச் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, பெண்ணுக்கு ஆணைப்போலச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அன்று சிரித்தார்கள். 60 வருஷம் கழித்து 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதற்கும் வந்தது. வீட்டில் பங்கு உண்டு, நிலத்தில் பங்கு உண்டு. ஆனால் இந்த ஊரில் ஒருவனுக்குச் சொத்து என்பது வீடா, நிலமா? தண்ணீர்தானே! தண்ணீரில் அவளுக்குப் பங்கில்லை என்றால் அந்தச் சட்டம் வேலூர்க்காரிக்கும் தஞ்சாவூர்க்காரிக்கும் வந்ததே தவிர, குப்பத்துக்காரிக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம்?

பெண் கடலில் இறங்கமாட்டாள், வலையைத் தொட்டால் மீன் படாது, வீட்டுக்குத் தூரமான நாளில் படகுப் பக்கம் வரலாகாது என்று நம் கரையோரத்தில் பல ஊர்களில் சொல்லுகின்றார்கள். நாம் முன்னே சொன்ன இசே வளைகுடாப் பக்கத்தில் 'அமா' என்கின்ற பெண்கள் இருக்கின்றார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கடலடியில் மூழ்கிச் சிப்பியும் சங்கினமும் எடுப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில். 70 வயதுப் பாட்டிகள்கூட மூழ்குகின்றார்கள். பெண் தொட்டால் கடல் கோபிக்கும் என்பது உண்மையானால் அந்தக் கடலில் ஒரு சிப்பிகூட மிஞ்சியிருக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் சுமத்ராவில் பூமி அதிர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து இந்தக் கரைக்கு அலை வந்தபோது, எந்தப் பெண் எந்தப் படகைத் தொட்டாள் என்று அது விசாரித்துக்கொண்டு வரவில்லை. ஜப்பானில் 1952 முதலே சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. நமக்கு 2007-ல் ஹைதராபாத்தில் ஏற்பட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தந்தி அடிக்க ஆளில்லாமல் போனதைத் தலைவிதி என்று சொன்னவர்கள் வெட்கப்படவேண்டும்.

கடலில் மீன்பிடிக்கின்ற உரிமையை ஜப்பானில் எப்படி வைத்திருக்கின்றார்கள் என்று கேட்டால், உங்கள் பாட்டுக்குக் கிட்டத்தட்ட சமமானதுதான். யுத்தத்துக்குப் பிறகு 1949-ல் ஒரு சட்டம் செய்து, பழைய உரிமைகளை எல்லாம் நஷ்டஈடு கொடுத்து ரத்துசெய்து, கரையோரத்து உரிமையை அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அங்கத்தினராவதற்கு, அந்த இடத்தில் குடியிருக்க வேண்டும், வருஷத்தில் இத்தனை நாள் தொழில் செய்யவேண்டும் என்பது விதி. பிறப்பைக் கேட்கவில்லை. நடைமுறையில் அங்கேயும் அங்கத்தினரில் பெண்கள் சொற்பம்தான். அது அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஆனால் விதி பெண்ணைத் தள்ளவில்லை. உங்கள் விதி தள்ளுகின்றது.

இதை மத்தியானம் சொன்னபோது ஒரு பெரியவர், நல்ல விவகாரஸ்தர், நம்மை மடக்கினார். "ஐயா, பொம்பளைக்குப் பாடு கொடுத்தா, அவ வேற ஊருக்குக் கட்டிக்கினு போனா பாடும் அந்த ஊருக்கில்ல போயிடும்?" என்றார். நியாயமான கேள்வி. சாமி கோபிக்கும் என்று சொல்லாமல் காரணத்தைக் கேட்டாரே, அதற்காக அவரை வணங்குகின்றோம். நம் பதில் இது. துறைமுகத்தில் கான்டிராக்டு வேலைக்குப் போய்ச் சென்னையிலேயே குடியேறிவிட்ட உங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் பேர் இன்னும் தலைக்கட்டுக் கணக்கில் இருக்கின்றதா, இல்லையா? இருக்கின்றது என்றால் வெளியூர் போனால் பாடு போய்விடும் என்கின்ற பயம் ஆணுக்கு ஏன் வரவில்லை? எடுத்துவிட்டோம் என்றால் அதே விதியைப் பெண்ணுக்கும் வையுங்கள். இங்கே குடியிருந்து தொழிலைப் பார்க்கின்றவருக்குப் பாடு, போனவருக்கு இல்லை; ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி, பட்டினவரானாலும் இருளரானாலும் சரி. விதவையான தாயார் கூலிக்கு ஒரு ஆளை வைத்து வலை கட்டினால் என்ன நஷ்டம்? உடம்பு முடியாத ஆண் அப்படித்தானே செய்கின்றான்?

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "ஆளுங்க ஜாஸ்தியாயிட்டா ஒருத்தனுக்கு முறை வர எத்தினி நாளாகும்?" என்று மறுபடியும் ஒன்று கேட்டார். அதுவும் சரியான கேள்விதான். ஏரி சுருங்கிக்கொண்டு வருகின்றது. முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்ளுகின்றது. தெற்கே துறைமுகங்கள் பெருகிக் கரையை அரிக்கின்றன. இருக்கின்ற கஞ்சியில் இன்னும் நாலு பேர் கைவைத்தால் என்ன ஆகும் என்கின்ற பயம் பொய்யல்ல. ஆனால் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டு நீங்கள் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் போய் நின்றபோது வரிசையில் முன்னால் நின்றது யார்? பெண்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்பை எதிர்த்த கூட்டங்களில் வெயிலில் உட்கார்ந்தது யார்? பெண்கள். போராட்டத்துக்குத் தலை எண்ணும்போது அவர்கள் தலை. சீட்டு எடுக்க எண்ணும்போது தலையில்லையா? இருளர்களையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டால் சர்க்காருக்கு நீங்கள் ஒரு ஜாதியாய்த் தெரிவீர்களா, ஒரு ஏரியாய்த் தெரிவீர்களா?

அடுத்த சீட்டு எடுப்பதற்கு இன்னும் நாள் இருக்கின்றது. அதற்கு முன் ஊர்க்கூட்டம் போடும்போது இந்த இரண்டு சங்கதியையும், விதவைத் தாயார்களின் பாடு, இருளரின் பங்கு, எழுத்தில் வைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். கூட்டத்தில் அந்தத் தாயார்களும் உட்காரட்டும். பின்னால் நின்று கேட்கவேண்டாம். ரயில் பெட்டிக்கான மனுவை இன்றைக்கே எழுதிவிடலாம், காகிதம் கொண்டுவந்திருக்கின்றோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசி பஸ் போவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாய்த் தோழர்கள் சொல்லுகின்றார்கள். கேள்வி கேட்க இஷ்டமுள்ளவர்கள் கேட்கலாம். முதலில் தாய்மார்கள் பக்கத்திலிருந்து கேட்கட்டும்.